மச்சுப் பலகைக்கு ஸ்டெயின் அடிச்சாச்சு, மேல எதாவது அடிக்கணுமா?

கேள்வி: செப்டம்பர் 21, மாலை 6:15

குன்னூர் பக்கம் புது வீடு. ஹால் சீலிங்குக்கு, அதான் மச்சுக்கு, பைன் பலகை அடிச்சிருக்கோம், நாக்கும் காடியும் வச்ச (ஒரு பலகையோட நாக்கு அடுத்ததோட பள்ளத்துக்குள்ள போய் உக்காரும்) 4 இன்ச் பலகை, மொத்தம் 260 சதுர அடி வரும். வால்நட் ஸ்டெயின் ஒரு கோட் குடுத்து மூணு நாள் ஆச்சு. பெயிண்டர் இதோட விட்டுரலாம்ங்கறாரு. "தரையா சார் நடக்கறதுக்கு, டேபிளா டம்ளர் வைக்கறதுக்கு, சீலிங்க யாரு தொடப்போறா"ன்னு கேக்கறாரு. நியாயமாத்தான் படுது. வீட்டுக்காரம்மா பளபளன்னு வேணும்ங்கறாங்க. மேல பூசறதுக்கு வார்னிஷா, மெலமைனா, பியூவா (பாலியூரித்தேன்), இல்ல ஒண்ணுமே வேண்டாமா?

பதில்: செப்டம்பர் 21, ராத்திரி 10:40

பெயிண்டர் பேச்சக் கேக்காதீங்க. அண்ணாந்து பாத்துக்கிட்டே 260 சதுர அடி அடிச்சா கழுத்து என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும், அதான் தத்துவம் பேசறாரு. ஸ்டெயின்ங்கறது வெறும் கலர், பலகைக்கு அது காவல் இல்ல. நாலு மாசத்துல ஒட்டடை அடிக்க துடைப்பத்தக் கொண்டு போவீங்க, துடைப்பத்துல கலர் வரும். அடிச்சே ஆகணும்.

எனக்கு இதுல அனுபவம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் பழைய ஓட்டு வீடு, ஹாலுக்கு பலா மச்சு, தாத்தா காலத்துது. ஓடு ஒழுகி ஒரு ஓரத்துல ஒன்பது பலகை இத்துப் போச்சு. இந்த ஜூன்ல ஆசாரிய விட்டு புதுப் பலா போட்டோம். பழைய பலகை காப்பிப்பொடி நிறம், புதுசு மஞ்சக்கிழங்கு நிறம். பலா மரச் செதுக்கல வேகவச்சு பௌத்த பிக்குகளோட துணிக்குச் சாயம் ஏத்துவாங்களாம், அந்த மஞ்சள். ஹால்ல பாதிக்கு வெயில் அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதனால ஸ்டெயின் குடுத்து பழசோட சேத்தேன், மேல வார்னிஷ் ரெண்டு கோட். அடிக்க அடிக்க கழுத்து செத்துப் போச்சு, ஆனா இப்ப எது புதுசு எது பழசுன்னு சொல்லுங்க பாப்போம்னு வர்றவங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

செப்டம்பர் 22, காலை 7:05

நேத்து முக்கியமான ஒண்ண விட்டுட்டேன். மூணு நாள்ங்கறீங்க, என்ன ஸ்டெயின்? தின்னர்ல கலக்கறதா, ஆயில்ல வர்றதா? தின்னர் ஸ்டெயின்னா அரை மணில காஞ்சுடும். ஆயில் ஸ்டெயின்னா டப்பால 24 மணி நேரம்னு போட்டிருப்பான், அது வெயில் காயற ஊருக்கு. குன்னூர்ல மூடுபனிக்குள்ள மூணு நாள் போதாமக்கூட இருக்கும். வெள்ளை பனியன் துணி எடுத்து கொஞ்சம் அழுத்தி நாலஞ்சு இடத்துல தேச்சுப் பாருங்க. துணில காப்பி கலர் வந்தா காயல. அப்புறம் மோந்து பாருங்க, டர்பன்டைன் வாசம் வந்தாலும் காயல. மூக்கு பொய் சொல்லாது, டப்பா சொல்லும்.

இன்னொண்ணு, ஸ்டெயின் அடிச்சதும் பத்து நிமிஷத்துல மிச்சத்தத் துடைச்சு எடுத்தாரா உங்க பெயிண்டர்? நிறைய பேரு பெயிண்ட் மாதிரி பூசிட்டு விட்டுடறாங்க. மரம் குடிக்கறத குடிக்கும், குடிக்காதது மேல பிசுபிசுன்னு தோலாட்டம் நிக்கும், அது மேல எதப் பூசினாலும் ஒரு நாள் செதிலா உரியும். உங்க பலகை பிசுபிசுப்பா இருந்தா டர்பன்டைன் நனைச்ச துணியால ஒரு தடவ துடைச்சு விட்டுட்டு இன்னும் ரெண்டு நாள் காயவிடுங்க.

செப்டம்பர் 22, மதியம்

எந்தத் துணியால துடைச்சீங்களோ அத உருட்டி பக்கெட்ல போட்டு வைக்காதீங்க. ஆயில் ஸ்டெயின்ல ஆளிவிதை எண்ணெய் மாதிரி காயுற எண்ணெய் இருக்கும், அது காத்தோட சேந்து காயும்போது சூடு விடும், சுருட்டி வச்சா சூடு வெளிய போக வழியில்லாம தானே பத்திக்கும். கதையில்ல. ஜூன்ல நான் ஒரு கை துணிய மூலைல குமிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன், வந்து எடுத்தா உள்ள கை வைக்க முடியாத சூடு. கொடில ஒத்தத் துணியா விரிச்சுக் காயப்போடுங்க, இல்ல தண்ணில முக்கி வைங்க.

செப்டம்பர் 25

வார்னிஷா மெலமைனா பியூவான்னு திரும்பக் கேட்டிருக்கீங்க. நான் கடையும் நடத்தல கமிஷனும் வாங்கல, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

மெலமைன் கெட்டியா, பளிச்சுன்னு இருக்கும், ஹார்டனர்னு இறுக வைக்கற மருந்து கலந்து அடிக்கறது. ஆனா அடிச்ச ரூமுக்குள்ள ரொம்ப நாளைக்கு கண்ணு எரியும், சின்னப் பிள்ளைங்க படுக்கற ரூமுக்கு நான் சொல்லவே மாட்டேன். ரெண்டு டப்பா கலக்கற பியூ தரைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ராஜா, சீலிங்குக்கு அது கொசுவ அடிக்க பீரங்கி. ஸ்ப்ரே பண்ணும்போது அந்த ஹார்டனர் புகை நுரையீரலுக்கு ஆகாது, சரியான மாஸ்க் போடணும், துணி கட்டினாப் போதாது. சாதா வார்னிஷ் மெதுவாக் காயும், கொஞ்சம் மஞ்சளடிக்கும், ஆனா பிரஷ்ல அடிக்கலாம், தப்பு பண்ணினா சரி பண்ணலாம். தண்ணில கலக்கற பியூ வாசனை ரொம்பக் கம்மி, மஞ்சளும் ஆகாது, ஆயில் ஸ்டெயின் நல்லாக் காயாம இருந்தா மட்டும் அது மேல ஒட்டாது. சீலிங்குல யாரும் நடக்கல, கீறல்ல, டம்ளர் வைக்கல, பெயிண்டர் அதுல சொன்னது சரி. அதனால கெட்டியானதத் தேடாதீங்க, சீராப் பூச வர்றதத் தேடுங்க. ரெண்டு மெல்லிசுக் கோட் தாராளம்.

பளபளப்பு வேண்டவே வேண்டாம்னு வீட்ல சொல்லிப் பாருங்க. தரையில கிளாஸ், அதான் அந்தப் பளபளப்பு, அழகு. மச்சுல கிளாஸ் அடிச்சா ஜன்னல் வெளிச்சம் சாஞ்சு விழும்போது பிரஷ் எங்க நின்னுச்சு எங்க திரும்புச்சுன்னு எல்லாம் தெரியும், ராத்திரி ஒவ்வொரு பல்பும் மேல ஒரு தடவ எரியும். மேட் (மினுக்கமே இல்லாதது) இல்லன்னா சாட்டின் (லேசா மினுக்கறது).

சந்தேகம் இருந்தா உங்க ஸ்டெயினுக்கும் வார்னிஷுக்கும் நடுவுல பிரெஞ்ச் பாலிஷ், அதாவது ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கு, ஒரு கோட் மெல்லிசா குடுத்துருங்க, அரக்கு எதோடயும் ஒட்டும். பைன்ல முடிச்சு இருக்குமே, அதுல இருந்து பிசின் கசியறதையும் அது அடைக்கும்.

அக்டோபர் 3

பிரெஞ்ச் பாலிஷ்னதும் ஒருத்தர் அது பழைய காலம்னு எழுதியிருக்காரு. பழசுதான். அரக்குப் பூச்சி பலாச மரத்துலயும் இலந்தை மரத்துலயும் கூடு கட்டி வைக்கறது, ஜார்க்கண்ட் பக்கம் இருந்துதான் நிறைய வருது, சில்லு சில்லா கண்ணாடி மாதிரி இருக்கும், ஸ்பிரிட்ல ஊறப்போட்டா ராத்திரியோட கரையும். பேருதான் பிரெஞ்சு.

பத்மநாபபுரம் அரண்மனை எங்க வீட்டுல இருந்து பஸ்ல பத்து நிமிஷம். இருக்கறது தமிழ்நாட்டுல, பாத்துக்கறது கேரளா தொல்லியல் துறை, அது வேற கதை. நுழைஞ்சதும் பூமுகம்ங்கற வாசல் மண்டபத்துல அண்ணாந்து பாத்தா மச்சு பூராவும் பூ செதுக்கியிருக்கும், 90 பூ, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காதுன்னு கைடு சொல்லுவாரு. பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் போனப்ப எல்லாரும் அந்தக் கறுப்புத் தரையத் தடவிப் பாத்துக்கிட்டு இருப்போம், சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் போட்டு மெழுகுனதுன்னு சொல்லுவாங்க. மேல பாக்க யாருக்கும் தோணாது. போன வாரம் சொந்தக்காரங்களக் கூட்டிட்டுப் போனப்ப நான் மட்டும் மேலயே பாத்துக்கிட்டு நின்னேன், செக்யூரிட்டி ரெண்டு தடவ திரும்பிப் பாத்தாரு. அந்த மரம் மின்னல. எண்ணெய் வச்சுக் குளிச்ச முடியாட்டம் ஒரு அமைதியான மினுக்கம், அவ்வளவுதான். உங்க வீட்டம்மாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, சாட்டின் மேட்டர் முடிஞ்சுடும்.

அக்டோபர் 4

செப்டம்பர் 25ல எழுதினதுல ஒரு தப்பு. அரக்கு எதோடயும் ஒட்டும்னேன். கடையில வர்ற பிரெஞ்ச் பாலிஷ்ல மெழுகும் கலந்திருக்கும், அரக்கோட கூடப் பிறந்த மெழுகு. அது மேல பியூ பிடிக்காம உரியலாம். மெழுகு நீக்கின அரக்குச் சில்லுன்னு கேட்டு வாங்கணும், இல்ல சாதா அரக்கக் கரைச்சு பாட்டில்ல ரெண்டு மூணு நாள் ஆட்டாம வச்சா அடில கலங்கலா மெழுகு இறங்கிடும், மேல தெளிஞ்சத மட்டும் ஊத்தி எடுங்க. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் சில்லு போட்டா இதுக்குப் போதும், கெட்டியா வேண்டாம். திருத்தினவருக்கு ஒரு டீ கடன்.

அக்டோபர் 19

வாய் கொழுப்பு. ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு எங்க அம்மா ரூம் மச்ச நாசம் பண்ணி வச்சிருக்கேன்.

எங்க ஊருக்கு ரெண்டு மழை. ஆனி ஆடில தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு. ரெண்டுக்கும் நடுவுல செப்டம்பர் கடைசில ஒரு வெயில் வந்துச்சு, அத நம்பி அம்மா ரூம்ல பலகையெல்லாம் சுத்தம் பண்ணி ஸ்டெயின் குடுத்து முடிச்சேன். மேல அடிக்கறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. வார்னிஷ் காயாது, பாலிஷ் பண்ற ஒருத்தர் சொன்னாரு என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிங்க கால் மணில காஞ்சுடும்னு. காஞ்சுது. காயக் காய வெள்ளையாச்சு. கண்ணு முன்னாடி, கண்ணாடில ஆவி பிடிச்சாப்ல, மூலைல ஆரம்பிச்சு நடு வரைக்கும் பால் தெளிச்ச மாதிரி.

காரணம் இதுதான். லேக்கர்ல இருக்கற தின்னர் வேகமா ஆவியாகும்போது பூசின இடம் சில்லுன்னு ஆகுது, மழை நாள் காத்துல ஈரம் கொட்டிக் கிடக்கு, அந்தக் குளுந்த இடத்துல பனி மாதிரி இறங்கி பூச்சுக்குள்ளயே சிக்கிக்கிது. ரிடார்டர்னு மெதுவா ஆவியாகற தின்னர் ஒண்ணு இருக்கு, அதக் கொஞ்சம் கலந்து அடிச்சிருக்கணும், அதவிட மழையில அடிக்காம இருந்திருக்கணும்.

அதோட இன்னொரு கூத்து. நான் குடுத்திருந்தது தின்னர் ஸ்டெயின். லேக்கர்லயும் தின்னர். பிரஷ்ல ரெண்டாவது தடவ இழுத்தேனா, ஸ்டெயின் கரைஞ்சு பிரஷோட வந்துருச்சு, பலகைல வரிக்குதிரை. ஸ்ப்ரே பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாம், இல்ல இழுத்த இடத்த திரும்ப இழுக்காம ஒரே இழுப்புல போயிருக்கணும்.

சாயங்காலம் அஞ்சரைக்கு அம்மா விளக்கு வைக்க வந்தாங்க. வீடு பூரா தின்னர் ஆவி. நான் ஏணில இருந்து குதிக்காத குறை. "விளக்கு வைக்காம எப்படி மக்கா"ன்னு கேக்காங்க. கடைசில முற்றத்துல கொண்டு வச்சாங்க, மழைச் சாரல்ல. ரெண்டு நாள் அந்த ரூமப் பத்தி வீட்ல யாரும் பேசல.

நவம்பர் 2

ஹால் மச்சுல எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்க. நானா சொல்ற ஐடியா இல்ல, அம்மா ரூம் விஷயம் வெளிய வந்தாச்சு, இனி மறைச்சு என்ன.

செப்டம்பர் 21ல ரெண்டு கோட் வார்னிஷ்னு கெத்தா எழுதினேன். உண்மையில அடிச்சது ஜூன்ல, ஆனிச் சாரல்ல. ஆயில் ஸ்டெயின், ரெண்டே நாள் காயவிட்டு மேல வார்னிஷ். பதினோரு நாள் காயாம பிசுபிசுன்னு ஒட்டுச்சு. தினமும் காலைல ஏணி போட்டு ஒரு விரல் வைப்பேன், விரல் ரேகை விழும். ஆறாவது நாள் பாத்தா என் ரேகை மட்டும் இல்ல, சின்னச் சின்னதா அஞ்சு விரல், நடுவுல நீளமா ஒரு கோடு. பல்லி. உத்தரத்துல இருந்து டியூப்லைட் வரைக்கும் நடந்து போயிருக்கு, போற வழியில ஒரு பூச்சியப் பிடிக்க நின்னிருக்கு, அந்த இடத்துல வால ரெண்டு தடவ அடிச்ச தடம். கடைசியா அது பிடி விட்டு கீழ விழுந்துச்சு, சோபால அம்மா தோள் மேல. அம்மா வார்னிஷப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, எந்தத் தோள் எந்தத் தோள்னு கேட்டுக்கிட்டே பஞ்சாங்கத்தத் தேடப் போயிட்டாங்க.

பன்னெண்டாம் நாள் காஞ்சதும் 320 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேச்சு ரெண்டாவது கோட் அடிச்சேன். முக்காவாசி மறைஞ்சுது. டியூப்லைட் கிட்ட நாலு அடி இன்னும் இருக்கு.

அதனாலதான் வெள்ளைத் துணி, மூக்கு எல்லாம் அவ்வளவு உறுதியாச் சொன்னேன். படிச்சு வந்த அறிவு இல்ல.

நவம்பர் 2, கொஞ்ச நேரம் கழிச்சு

இடது தோளான்னு கேட்டவருக்கு: இல்ல, பல்லி வலது தோள்லதான் விழுந்துச்சு. பலன் என்னன்னு அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க.

ஜனவரி 17

பொங்கலுக்கு வீடு ஒதுக்கறேன்ங்கற சாக்குல அம்மா ரூம சரி பண்ணியாச்சு. மழை விட்டு மூணு வாரம் காத்திருந்தேன். வெள்ளை பிடிச்சதுக்கு முதல்ல தின்னர மட்டும் ஸ்ப்ரேல புகை மாதிரி அடிச்சுப் பாத்தோம், பூச்சு இளகி உள்ள சிக்கின ஈரம் வெளிய போச்சு, பாதிக்கு மேல தெளிஞ்சுருச்சு, நம்பவே முடியல. வரிக்குதிரை போகாது, அத உப்புத்தாள்ல எடுத்து ஸ்டெயின் திரும்பக் குடுத்தேன். இந்தத் தடவ மேல மெழுகு எடுத்த அரக்கு ஒண்ணு, தண்ணி பியூ மேட் ரெண்டு.

அண்ணாந்து அடிக்கறதுல கத்துக்கிட்டதச் சொல்லிடறேன். ஏணி வேண்டாம், ரெண்டு முக்காலில ஒரு பலகை போட்டு சாரம் மாதிரி கட்டிக்கோங்க, தலைக்கும் மச்சுக்கும் ஒரு ஜாண் இருக்கற உயரம். கண்ணாடி போடுங்க, தலைக்கு பழைய வேட்டி. ஒரு பலகை எடுத்தா இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும் நிக்காமப் போங்க, நடுவுல போன் வந்தா எடுக்காதீங்க, ஈர ஓரம் காஞ்ச பிறகு திரும்ப ஆரம்பிச்சா அந்த இடம் ஆயுசுக்கும் தெரியும். பிரஷ்ஷ டப்பால முக்கால்வாசி முக்காதீங்க, நுனி மட்டும்.

கை வழியா முழங்கைக்கு ஒழுகற பிரச்சனைக்கு சிரட்டை. உங்க ஊர்ல கொட்டாங்குச்சி. கண்ணுள்ள பாதிய எடுத்து அந்தக் கண்ணக் கொஞ்சம் பெருசாக்கி பிரஷ் கைப்பிடிய அதுல சொருகிடுங்க, குழி மேல பாத்து இருக்கணும், ஒழுகறது எல்லாம் அதுல சேரும். இது பக்கத்து வீட்டுப் பையன் சொன்னது, ஒன்பதாம் கிளாஸ் படிக்கறான். நான் சொன்ன அரக்கு, ரிடார்டர் எல்லாத்தையும் மறந்தாலும் இத மறக்காதீங்க.

10க்கு 12 ரூமு. பியூ ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு சரியா வந்துச்சு, கொஞ்சம் மிஞ்சுச்சு. குன்னூர்க்காரர் ரெண்டு கோட்டுக்கு அஞ்சு லிட்டர் வாங்கி வச்சுக்கிட்டா கடைக்கு ஓட வேண்டாம்.

பிப்ரவரி 6

குன்னூர்க்காரர் எழுதியிருக்காரு, தண்ணி பியூ மேட் ரெண்டு கோட் அடிச்சாச்சாம், ஜனவரி வெயில் வர்ற வரைக்கும் பொறுத்தாராம். ஒரு இடத்துல திட்டுத் திட்டா இருக்காம். அது பியூ பண்ணின வேலை இல்ல, பைன் அப்படித்தான். அது மென்மரம், ஒரே பலகைல ஒரு இடம் தண்ணியாட்டம் குடிக்கும் ஒரு இடம் வாயே திறக்காது. ஸ்டெயினுக்கு முன்னாடியே மெல்லிசா அரக்குத் தண்ணி குடுத்து அதோட தாகத்த அடக்கியிருக்கணும். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. மேல பாக்காம இருங்க.

மார்ச் 11

இது புது விஷயம், என்ன ஆச்சுன்னு பாருங்க.

பிப்ரவரில இருந்து மழையே இல்ல. முந்தாநாள் மத்தியானம் சோபால படுத்துக்கிட்டு மேல பாக்கறேன், புதுப் பலகை ஒன்பதுக்கும் நடுவுல எட்டு மஞ்சக் கோடு. நூல் பிடிச்ச மாதிரி நேரா, பளிச்சுன்னு. யாரோ மஞ்சக் கயிறு கட்டிட்டுப் போன மாதிரி. நான் முதல்ல கரையான்னு நினைச்சு ஏணி போட்டேன்.

ஒண்ணுமில்ல. பலகை சுருங்கிருச்சு. ஈரக் காத்துல ஜூன்ல மாட்டினது, நல்லாக் காய்ஞ்ச மரமும் கிடையாது, ஆசாரிக்கு அவசரம், எனக்கு அதவிட அவசரம். இப்ப காஞ்சதும் ஒவ்வொரு பலகையும் குறுக்குல ரெண்டு மில்லிமீட்டர் குறைஞ்சிருக்கு. மரம் நீளவாக்குல அசையாது, அகலவாக்குலதான் விரியும் சுருங்கும். காடிக்குள்ள ஒளிஞ்சிருந்த நாக்கு வெளிய வந்துருச்சு. நாக்குல நான் ஸ்டெயின் அடிக்கல. மாட்டின பிறகுதானே அடிச்சேன், நாக்கு உள்ள போயிருச்சு, கண்ணுக்குத் தெரியறதுக்கு மட்டும் கலர்.

கீழயே வச்சு, மாட்டறதுக்கு முன்னாடி, நாக்கு காடி எல்லாத்துக்கும் ஸ்டெயின் குடுத்து, முதுகுப் பக்கம் ஈரம் இறங்காம அடைக்கற சீலர் ஒரு கோட் அடிச்சு, அப்புறம் மாட்டியிருக்கணும். கழுத்தும் தப்பிச்சிருக்கும். முதுகுப் பக்கம் யாரு பாக்கப் போறான்னு கேட்டா அது பெயிண்டர் கேட்ட அதே கேள்வி. ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவுல மத்தியானம் அடுப்பு மாதிரி இருக்கும், மழைல சொதசொதன்னு இருக்கும், கீழ மட்டும் அடைச்சு மேல திறந்து விட்டா பலகை ஒரு பக்கம் குடிச்சு ஒரு பக்கம் குடிக்காம கிண்ணமா வளையும். என்னோடது ரெண்டு லேசா வளைஞ்சிருக்கு. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

இப்பதான் ஒண்ணு உறைக்குது. செப்டம்பர்ல நான் எழுதினப்ப என் மச்சுக்கு வயசு மூணு மாசம். ஒரு வெயில் காலம்கூட பாக்கல. என்னமோ மூணு தலைமுறை ஆசாரி மாதிரி பேசியிருக்கேன்.

மார்ச் 12

மஞ்சக் கோட்டுக்கு: சின்ன ஓவிய பிரஷ்ஷால ஸ்டெயின் தொட்டு கோட்டுல மட்டும் இழுத்தேன், ரெண்டு மணி நேர வேலை. இடைவெளிய மட்டும் எதாலயும் அடைக்காதீங்க, ஒருத்தர் மரத்தூளும் பசையும் சொல்லியிருக்காரு. ஜூன்ல பலகை திரும்ப விரியும், விரிய இடம் இல்லன்னா எங்கயாவது மேல எழும்பும்.

மார்ச் 30

ஆணியச் சுத்தி கறுப்பு வட்டம் வருதுன்னு கேட்டவருக்கு. ஒழுகற இடமா பாருங்க. மரத்துல இருக்கற துவர்ப்புச் சத்தும் இரும்பும் தண்ணியும் சேந்தா மை மாதிரி கறுப்பாகும், ஒரு காலத்துல எழுதற மையே அப்படித்தான் பண்ணினாங்க. முதல்ல ஒழுகற கூரை ஓட்ட மாத்துங்க. பூச்ச எடுத்துட்டு ஆக்ஸாலிக் ஆசிட் பொடிய சுடுதண்ணில கரைச்சு தொட்டு வைங்க, கையுறை கண்ணாடி போட்டு, விஷம் அது. கறை போனதும் நல்லாக் கழுவி விட்டுக் காயவிட்டுத்தான் திரும்ப ஸ்டெயின். ஆணிக்கு பதிலா பித்தளை இல்ல ஸ்டெயின்லெஸ் திருகாணி போடுங்க.

மே 18

கேள்வி கேட்டவரு எட்டு மாசத்துக்கு முந்தி கேட்டதுக்கு இன்னைக்குத்தான் எங்கிட்ட பதில் இருக்கு.

நான் சொல்லாம விட்ட ஒரு விஷயம். ஹால்ல ஒன்பது புதுப் பலகைல எட்டுக்குத்தான் வார்னிஷ் அடிச்சேன். ஒன்பதாவது பரணுக்கு மேல ஓரத்துல இருக்கு, அங்க போறதுக்குள்ள டப்பா காலி, கழுத்து காலி, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன். ஆமா, அதே வார்த்தை. வெறும் ஸ்டெயினோட ஜூன்ல இருந்து கிடக்கு. இன்னைக்கு பரண்ல மாங்காய் ஊறுகாய் ஜாடி எடுக்க ஏறினப்ப டார்ச் அடிச்சுப் பாத்தேன்.

வெடிப்பு இல்ல. கலர் மங்கல. ஒட்டடை கட்டியிருந்துச்சு, ஈரத் துணியால துடைச்சேன், துணில கலர் வந்துச்சு, அந்த இடம் மட்டும் வெளுத்துப் போச்சு. பல்லி எச்சம் ஒரு இடத்துல, வெள்ளையா மரத்துக்குள்ள இறங்கி நிக்குது, சொரண்டியும் போகல. வார்னிஷ் அடிச்ச எட்டுலயும் இதே எச்சம் எத்தனை தடவ துடைச்சிருக்கேன், ஒரு தடவ துடைச்சாப் போயிடும். ஆக அங்க நான் சொன்னதுதான் சரி.

ஆனா கலர். பலா சும்மா இருக்காது, வெளிச்சம் படப்பட அதுவே கருத்துச் சிவக்கும், தாத்தா போட்ட பலகையும் ஒரு காலத்துல மஞ்சக்கிழங்குதான். அத மறந்துட்டு நான் அன்னைக்கே பழசுக்குச் சமமா ஸ்டெயின் ஏத்திட்டேன், மேல வார்னிஷ் தன் பங்குக்கு மஞ்சளடிச்சுது, கீழ மரமும் கருத்துக்கிட்டு வருது. இப்ப எட்டுப் பலகையும் பழசவிட ஒரு படி கருப்பு. எது புதுசு எது பழசுன்னு இப்ப யாரு வந்தாலும் கேக்காமலே சொல்லிடறாங்க. பரணுக்கு மேல நிழல்ல கிடந்த அந்த ஒத்தப் பலகைதான், துடைச்சு வெளுத்த இடத்தத் தவிர, பழசோட அப்படியே சேருது.

அடுத்தவங்களுக்கு: பழைய பலாவோட புதுசு சேக்கறதா இருந்தா ஸ்டெயின் ரெண்டு படி குறைச்சு அடிங்க. ஆறு மாசம் அசிங்கமா இருக்கும், பொறுங்க.

உங்க பெயிண்டர்கிட்ட சொல்லுங்க, பாதி அவரு சரி. எந்தப் பாதின்னு சொல்ல வேண்டாம்.

மே 19

கடையில கேட்டேன், அதே வார்னிஷ் கால் லிட்டர் டப்பாவும் இருக்கு. ஒத்தப் பலகைக்குப் போதும். ஆனா இன்னைக்கு காலைல இருந்து மேற்கால மூடிக்கிட்டு வருது, ஓட்டு மேல நாலு சொட்டு விழுந்த சத்தமும் கேட்டுச்சு. டப்பாவ வாங்கி பரண்லயே வச்சுட்டேன், ஊறுகாய் ஜாடி பக்கத்துல. ஜனவரில பாப்போம்.